மூன்று குழந்தைகளின் அச்சம்: ஃப்ராய்டு, வாட்சன், மேரி கவர் ஜோன்ஸ்

உளவியலின் தொடக்கப் பாடநூல்கள், மறைந்திருக்கும் மன மோதல்களைத் தேடும் உளப்பகுப்பாய்வை ஓர் இயலிலும், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயும் நடத்தைவாதத்தை இன்னோர் இயலிலும் வைத்துவிடுவதால், இரண்டும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன என்ற எண்ணம் மாணவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு விலங்கைக் கண்டு சிறு குழந்தை ஏன் நடுங்குகிறது என்ற ஒரே கேள்வியில் அவை நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. 1909இல் வியன்னாவிலிருந்து, உளப்பகுப்பாய்வின் நிறுவனர் ஃப்ராய்டின் விடை வந்தது. 1920இல் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து, நடத்தைவாதி வாட்சனின் நேர் எதிரான விடை வந்தது. 1924இல் வெளியான மூன்றாவது அறிக்கை, மேரி கவர் ஜோன்ஸ் எழுதியது, அச்சம் எப்படி வந்தது என்பதை ஒதுக்கிவைத்து, அதை எப்படிப் போக்குவது என்று கேட்டது. மூன்றையும் ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் கொள்கையின் கைக்கு வந்த குழந்தைக்கு என்ன கிடைத்தது?

ஃப்ராய்டின் கட்டுரையில் ‘சின்ன ஹான்ஸ்’ என்று வரும் சிறுவனின் உண்மைப் பெயர் ஹெர்பர்ட் கிராஃப். அவனுடைய தந்தை மாக்ஸ் கிராஃப் இசை விமர்சகர். ஃப்ராய்டைச் சுற்றிக் கூடிய புதன்கிழமைக் குழுவில் ஒருவர். 1908 சனவரியில், ஐந்து வயது நிறையச் சில மாதங்களே இருந்தபோது, குதிரை தன்னைக் கடித்துவிடும் என்று அஞ்சிய ஹான்ஸ் தெருவில் இறங்க மறுத்தான். எங்கு திரும்பினாலும் குதிரை வண்டி ஓடிய அன்றைய வியன்னாவில், வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. மகனின் பேச்சையும் கனவுகளையும் தந்தை குறித்தெடுத்துக் கடிதங்களாக அனுப்ப, அவற்றைக் கொண்டே ஃப்ராய்டு பகுப்பாய்வை நடத்தினார். இந்த அச்சம் தொடர்பாகச் சிறுவனை அவர் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறைதான். தாயின் மீது கொண்ட பற்றினால் தந்தையைப் போட்டியாளராகக் கருதிய சிறுவன், தந்தை தண்டிப்பார் என்ற பயத்தைக் குதிரையின் மீது இடம்மாற்றிக்கொண்டான் என்பது ஃப்ராய்டின் விளக்கம். குதிரையின் வாயைச் சுற்றியிருந்த கருமை தந்தையின் மீசையாகவும், அதன் கண்மறைப்பு அவருடைய மூக்குக்கண்ணாடியாகவும் பொருள்கொள்ளப்பட்டன.

சில மாதங்களில் ஹான்ஸின் அச்சம் தணிந்தது. 1922இல் அவன் இளைஞனாக ஃப்ராய்டைச் சந்தித்தபோது நலமாகவே இருந்தான். தன்னைப் பற்றிய அந்தக் கட்டுரையைப் படித்தபோது எதுவுமே நினைவுக்கு வரவில்லை என்றான். பின்னாளில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் பெயர்பெற்ற இயக்குநராகவும் விளங்கினான். முடிவு நல்லதுதான். அந்த முடிவுக்கு ஃப்ராய்டின் விளக்கம் காரணமா என்பதில்தான் எனக்கு ஐயம். தந்தை கேட்ட கேள்விகளிலேயே எதிர்பார்த்த விடைகள் பொதிந்திருந்தன. சிறுவன் தானாகச் சொல்லாத பலவற்றை அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது என்பதை ஃப்ராய்டே அக்கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். சிறுவன் ஆம் என்றால் விளக்கம் உறுதிப்படும், இல்லை என்றால் உண்மையை அவன் மனம் மறைக்கிறது என்று பொருளாகும் என்ற நிலையில், அவன் எதைச் சொல்லியும் அந்தக் கொள்கையைப் பொய்யாக்க முடியாது.

வாட்சனின் பாதை வேறு. கண்ணுக்குத் தெரியாத மனத்தை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் ஆராயவேண்டும் என்று 1913இல் அறிவித்த அவர், ரோசாலி ரேனருடன் சேர்ந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ‘ஆல்பர்ட் பி.’ என்ற கைக்குழந்தையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அக்குழந்தையின் தாய் அங்கிருந்த மருத்துவமனையில் பிற குழந்தைகளுக்குப் பாலூட்டும் பணியில் இருந்தவர். ஒன்பது மாத வயதில் வெள்ளெலி, முயல், நாய் எதைக் கண்டும் ஆல்பர்ட் அஞ்சவில்லை. பதினொரு மாதம் ஆனபோது, அவன் எலியைத் தொடக் கைநீட்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் எஃகுக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு அமர்வுகளில் ஏழு முறை இப்படிச் செய்தபின், ஒலியே இல்லாமல் எலியைக் காட்டியவுடன் குழந்தை அழுதுகொண்டு தவழ்ந்து விலகியது. சில நாட்களில் முயல், நாய், உரோம மேலங்கி ஆகியவற்றைக் கண்டும் மிரண்டது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் பழமொழி சொல்வதை, ஆய்வுக்கூடத்தில் படிப்படியாக உண்டாக்கிக் காட்டிய சோதனை இது.

அந்த 1920ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே வாட்சன் ஃப்ராய்டியர்களைக் குத்திக்காட்டுகிறார். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆல்பர்ட் உரோம மேலங்கியைக் கண்டு அஞ்சுவதாகப் பகுப்பாய்வாளரிடம் போனால், அவர் ஏதேனும் ஒரு கனவை அவனிடமிருந்து வரவழைத்து, தாயோடு தொடர்புடைய பாலியல் நிகழ்ச்சி ஒன்றைக் காரணமாகக் கற்பிப்பார் என்பது அவர் வாதம். ஒரே அச்சத்துக்கு இரண்டு விளக்கங்கள் இருக்க, உண்மைக் காரணம் கம்பியின் ஓசைதான் என்று கண்முன்னே நிறுவிவிட்ட நிலையில், வாதத்தில் வென்றவர் வாட்சன்தான். தோற்றது குழந்தை. ஆல்பர்ட் மருத்துவமனையை விட்டுப் போகப்போகிறான் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தும், உண்டாக்கிய அச்சத்தை நீக்காமலேயே அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் யார் என்பதில்கூட ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஃப்ராய்டின் முறை எவ்வளவு ஐயத்துக்குரியதாக இருந்தாலும், ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு உதவ முனைந்தது; அச்சமே இல்லாதிருந்த குழந்தைக்கு அதை ஊட்டியது வாட்சனின் சோதனை. இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க இயலவில்லை.

அறிவியலாகப் பார்த்தாலும் வாட்சனின் விடை முழுமையானதன்று. 1929இல் மரவாத்துப் பொம்மையையும் உரத்த ஓசையையும் இணைத்து ஒரு குழந்தைக்கு அச்சமூட்ட முயன்றபோது அது பலிக்கவில்லை. எல்லாப் பொருளுக்கும் அச்சம் ஒரேபோல ஒட்டிக்கொள்வதில்லை என்றும், பாம்பு, உயரம் போன்றவற்றுக்கு நம் உடல் பரிணாம வழியில் முன்னரே ஆயத்தமாக இருக்கிறது என்றும் 1971இல் மார்ட்டின் செலிக்மன் வாதிட்டார். சூசன் மினேகாவின் பிந்தைய ஆய்வுகளில், பாம்பையே கண்டிராத குரங்குகள் இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அஞ்சுவதைப் பார்த்தே அஞ்சக் கற்றன. பூவைக் கண்டு அஞ்சுவதுபோல் காணொளியை மாற்றியமைத்துக் காட்டியபோது அப்படிக் கற்கவில்லை. கேட்டும் அச்சம் வரும் என்பதற்குச் சான்று தேடி நாம் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டியதில்லை. பூச்சாண்டியை நேரில் பார்த்த குழந்தை எந்த வீட்டிலும் இல்லை.

மேரி கவர் ஜோன்ஸின் பணியே இந்த ஒப்பீட்டில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. வாட்சனின் ஆலோசனையுடன் அவர் ஆராய்ந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு அப்போது இரண்டு வயது பத்து மாதம். வெள்ளெலி, முயல், உரோம மேலங்கி, பஞ்சு என எல்லாமே அவனுக்கு அச்சந்தந்தன. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. முயலுக்கு அஞ்சாத குழந்தைகளோடு அவனை விளையாடவிட்டார் ஜோன்ஸ். முன்னேற்றம் தெரிந்த வேளையில் பீட்டர் காய்ச்சலில் விழுந்து இரண்டு மாதம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. திரும்பும் வழியில் பெரிய நாயொன்று மிரட்டியதில் பழைய அச்சம் முழுவதும் மீண்டது. ஜோன்ஸ் அதை மறைக்காமல் எழுதிவிட்டு, புதிய வழியைத் தொடங்கினார். பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருக்கும் முயலை அவன் உண்பது தடைபடாத தூரம்வரை மட்டும் கொண்டுவந்தார். நாளுக்கு நாள் தூரம் குறைந்தது. அறையின் எந்த மூலையில் கூண்டு இருந்தாலும் அஞ்சுவது என்ற முதற்படியிலிருந்து, முயல் தன் விரல்களைக் கொறிக்க அனுமதிப்பதுவரை பதினேழு படிகளை அவர் பதிவுசெய்தார்.

பல ஆண்டுகள் போதிய கவனம் பெறாத அந்த அறிக்கையின் வழிமுறைதான் 1958இல் ஜோசப் வோல்ப் வகுத்த படிப்படியான அச்சத்தணிப்பு முறைக்கு முன்னோடி. இன்று விலங்கச்சம், உயர அச்சம் போன்ற குறிப்பிட்ட அச்சங்களுக்கு, அஞ்சும் பொருளை ஏறுவரிசையில் எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சையே முதல் தேர்வாக உள்ளது. எண்ணங்களை ஆராயும் அறிதல்சார் நோக்கு, ‘நாய் கட்டாயம் கடிக்கும்’ என்பது போன்ற கணிப்பைச் சோதித்துப் பார்க்கும் பகுதியை அதனுடன் சேர்த்தது. தொழில்நெறியும் மாறியது: அமெரிக்க உளவியல் சங்கம் 1953இல் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டது, ஆல்பர்ட் மீது நடத்தியது போன்ற சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இசையாது. நம் நாட்டில் அஞ்சும் குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பார்த்துக்கொள்வதோடு, முதல் சில வாரங்களில் என்னென்ன படிகள் இருக்கும் என்றும் கேட்கலாம். தெளிவான விடை வந்தால் அது ஜோன்ஸின் வழியைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

ஃப்ராய்டிடமிருந்து இன்றைய சிகிச்சை அறைக்குள் வந்து சேர்ந்தது, குழந்தை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம். இது எப்போது தொடங்கியது, அன்று என்ன பார்த்தாய் என்று முதல் அமர்விலேயே கேட்கிறார்கள். ஹான்ஸும் அதைச் சொல்லியிருந்தான். 1960இல் வோல்ப்பும் உளவியலாளர் ராக்மனும் சுட்டிக்காட்டும்வரை அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பயணிகள் வண்டியை இழுத்துவந்த குதிரையொன்று தெருவில் விழுந்து கால்களை உதைத்ததைப் பார்த்ததாகவும், தன் ‘அசட்டுத்தனம்’ அப்போதுதான் பிடித்துக்கொண்டதாகவும் அவன் தந்தையிடம் கூறியிருந்தான்.