பத்து நியூட்டன் சுருள்வில் தராசு: வகுப்பில் வைத்துப் பார்த்தபின்

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இயக்க விதிகள் பாடத்துக்காக மதுரை டவுனில், ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் இந்தத் தராசு நான்கு வாங்கினேன். ஒன்று 180 ரூபாய், கைக்காசுதான்.

இதன் முகப்பில் ஒரு பக்கம் கிராம், மறுபக்கம் விசையின் அலகான நியூட்டன். எனக்கு வேண்டியதே அதுதான். மளிகைக்கடையில் இரவல் வாங்கிய ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். முள் 9.8 நியூட்டனில் நின்றது.

"எடைக்கல்லுன்னு பேரு, நீங்க நிறைங்கிறீங்களே டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

அந்தக் கேள்வியிலேயே பாடம் முழுக்க ஓடியது. கல்லின் நிறை எங்கே போனாலும் ஒரு கிலோதான். பூமி அதை இழுக்கிற விசைதான் எடை. நிலாவில் இதே முள் சுமார் 1.6-இல் நிற்கும். "அப்ப கிராம் கோடு பொய் சொல்லுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். சொல்லும், ஏறக்குறைய 165 கிராம் என்று. தட்டுத் தராசு அங்கேயும் ஏமாறாது, இரண்டு தட்டிலும் இழுவை ஒரே விகிதத்தில் குறைவதால். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதே கொடுத்த காசுக்கு எனக்குப் பலன் கிடைத்துவிட்டது.

குறையும் உண்டு. ஒன்றில் சுழிப் பிழை, எதுவும் தொங்காதபோதும் முள் சுழியில் நிற்கவில்லை. சரிசெய்யும் திருகு சுற்றவே இல்லை. கடையில் மாற்றித் தரவில்லை, அது வருத்தம்தான். இன்னொன்றில் பையன்கள் புத்தகப் பையை மாட்டி, வில் மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது, இனிப் பழைய நீளத்துக்குத் திரும்பாது. வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு கல்லைத் தொங்கவிட்டு எடுத்து, முள் சுழிக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.