தாதுவா, ஸ்கிராப்பா? அலுமினியம் வரும் இரண்டு வழிகள்

பாக்சைட் என்ற தாதுவைத் தோண்டி, அலுமினா என்ற வெண்பொடியாக்கி, அதில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரிப்பது ஒரு வழி. ஸ்கிராப்பை, அதாவது பழைய அலுமினியத்தை, உருக்குவது இன்னொரு வழி. ஆற்றல் கணக்கில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. தாது வழியில் உருக்காலைக்கு மட்டும் டன்னுக்கு 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஸ்கிராப்புக்கோ, தாது வழியின் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும்.

பிறகு ஏன் ஆண்டுக்கு 7 கோடி டன்னுக்கு மேல் தாதுவிலிருந்தே எடுக்கிறார்கள்? வேண்டும் என்றவுடன் ஸ்கிராப் வந்துவிடாது. பானக் கேன் சில மாதங்களில் திரும்பி வரும். ஜன்னல் சட்டம் முப்பது நாற்பது வருடம் சுவரிலேயே இருக்கும். அன்று விற்ற கொஞ்ச உலோகம்தான் இன்று திரும்புகிறது, தேவையோ பல மடங்கு வளர்ந்துவிட்டது.

தாது வழியின் பலவீனம் மின்சாரம். 2021-22இல் ஐரோப்பாவில் மின்விலை எகிறியபோது பல உருக்காலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடின. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில், லண்டன் உலோகச் சந்தையில் டன் விலை 4,000 டாலரைத் தாண்டியது. நீர்மின்சாரமும் முழுக் காப்பு இல்லை: சீனாவின் யுன்னானில் மழை பொய்த்த காலத்தில் உருக்காலைகளுக்கு மின்வெட்டு. இன்னொரு தொல்லை, மின்சாரம் பாய்ச்சும் தொட்டியில் உலோகம் உறைந்துவிட்டால் மறுபடி இயக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் நஷ்டத்திலும் ஆலையை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஸ்கிராப் வியாபாரிக்கு அந்தச் சிக்கல் இல்லை. விலை விழுந்தால் சரக்கை யார்டில் நிறுத்திவைப்பார், ஏறினால் வெளியே விடுவார்.

தரத்தில் தாதுவுக்கே என் ஓட்டு. கலப்பு ஸ்கிராப்பில் சேரும் இரும்பை, ஸ்கிராப்பை உருக்கும்போது பிரிப்பது மிகக் கடினம். பெரும்பாலும் புது உலோகம் கலந்து நீர்க்கச் செய்கிறார்கள். அதனால் இந்த ரகம் பெரும்பாலும் என்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் உறை போன்ற வார்ப்புகளுக்குப் போகிறது. மின்கம்பிக்கு ஆகாது. மின்கார்களில் என்ஜின் பிளாக்கே கிடையாது, ஆக அந்த வாசலும் குறுகிவருகிறது. சுத்தமாகப் பிரித்த ஸ்கிராப்புக்கு மட்டும் எப்போதும் கிராக்கி.

சரி, மிச்சமாகும் மின்சாரம் விலையில் தெரியுமா? முழுதாகத் தெரியாது. ஸ்கிராப் விலையும் லண்டன் விலையையே ஒட்டி ஓடுவதால், லாபத்தின் பெரும்பங்கு சேகரிப்பவருக்கும் உருக்குபவருக்கும்தான்.

இந்தப் போட்டியில் ஸ்கிராப்பின் கை ஓங்க இரண்டு அரசுகள் காரணம். உலகின் புது அலுமினியத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் தரும் சீனா, தன் உருக்காலைத் திறனுக்கு 4.5 கோடி டன் என்று வரம்பு வைத்து, இப்போது அதை நெருங்கிவிட்டது. அமெரிக்கா 2025 ஜூனில் அலுமினிய இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியது, ஸ்கிராப்பை மட்டும் விட்டுவைத்தது. விளைவு, ஸ்கிராப் அங்கே இழுக்கப்படுகிறது. ஏற்றுமதிக்குக் கடிவாளம் போடச் சொல்லி ஐரோப்பிய அலுமினியத் தொழில்துறை குரல் எழுப்புகிறது.