பிள்ளையின் சிகிச்சைக்குப் பணம் புரட்டுவது: எந்தத் தப்பு யார் தலையில் விழும்?

எஸ்டிமேட் தாளைக் கையில் வாங்கியவர்களுக்குத் தெரியும், கண் முதலில் போவது கடைசி வரிக்குத்தான். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்துப் பிரிப்பார்கள். தொகை அப்படியேதான் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் மனசு மட்டும் ஒரு சுற்றுப் போய் வந்திருக்கும்: யாரிடம் கேட்கலாம், எதை விற்கலாம், எங்கே கொஞ்சம் பொய் சொல்லலாம்.

சேமிப்பு, நகை, வீடு, அரசு உதவி, அறக்கட்டளை என்று கூச்சமில்லாத வழிகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவை தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க நினைக்கிறேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். சரி, பாவத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம். பில்லை யாராவது கட்டித்தானே ஆக வேண்டும்? அதனால் ஒவ்வொரு வழியிலும் நான் கேட்கப்போவது ஒன்றைத்தான். இதற்கான விலையைக் கொடுப்பது யார், "மாட்டேன்" என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய்ப்பு இருந்ததா?

திருட்டும் "எடுத்துட்டு வெச்சிடலாம்" கணக்கும்

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஹெய்ன்ஸ் கதைக்கு வந்துவிடும். லாரன்ஸ் கோல்பெர்க் என்ற உளவியலாளர் 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த ஆய்வுக்காகச் சிறுவர்களிடம் சொன்ன கதை அது. ஹெய்ன்ஸின் மனைவிக்குப் புற்றுநோய். மருந்து ஒரே ஒரு மருந்துக்காரரிடம்தான் இருக்கிறது. அடக்க விலையைப் போலப் பத்து மடங்கு, 2,000 டாலர் கேட்கிறார். ஹெய்ன்ஸால் 1,000தான் புரட்ட முடிகிறது. மீதியை அப்புறம் தருகிறேன் என்று கெஞ்சியும் அவர் மசியவில்லை. ஹெய்ன்ஸ் கடையை உடைத்து மருந்தை எடுக்கிறார். செய்தது சரியா?

மனைவி இருக்கும் இடத்தில் பிள்ளையை வைத்துக் கேட்டால் நான் உடைத்தவர் பக்கம்தான். ஆனால் அந்தக் கதையில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. வில்லன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், மருந்தும் அவர் அலமாரியிலேயே இருக்கிறது. நிஜத்தில் அப்படி அமைவதில்லை. எஸ்.எம்.ஏ. என்ற தசைச் சிதைவு நோய்க்கான ஸோல்ஜென்ஸ்மா 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏற்றுகிற மருந்து. அறிவித்த விலை 21,25,000 டாலர். அந்த வருடக் கடைசியில் அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம், மருந்துக்கு இன்னும் அனுமதி கிடைக்காத நாடுகளின் குழந்தைகளுக்கு வருடத்துக்கு 100 டோஸ் வரை இலவசமாகக் கொடுப்பதாகச் சொன்னது. யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதாக ஏற்பாடு. இதில் எந்தப் பூட்டை உடைப்பது? உடைத்து எடுத்தாலும் அதைக் குழந்தைக்கு ஏற்ற மருத்துவமனை வேண்டாமா?

ஆகவே இந்தக் காலத்து ஹெய்ன்ஸ் மருந்தைத் திருட முடியாது. பணத்தைத்தான் திருட முடியும். அதுவும் மருந்துக் கம்பெனியின் பணத்தை அல்ல, கைக்குப் பக்கத்தில் இருக்கும் பணத்தை. அலுவலகக் கல்லா, சங்கத்துக் கணக்கு, கடையில் தன்னை நம்பி விட்ட சாவி. "எடுத்துட்டு அடுத்த மாசம் வெச்சிடலாம்" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அடுத்த மாதம் இன்னொரு எஸ்டிமேட் வரும். கணக்கு உதைக்கும்போது முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது பக்கத்து மேசைக்காரர். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம். அவரை யாரும் கேட்கவில்லை.

கோல்பெர்க்கோடு வேலை பார்த்த கரோல் கில்லிகன் இதே கதைக்கு 11 வயதுச் சிறுமி ஒருத்தி சொன்ன பதிலைப் பெரிதாக எடுத்துப் பேசினார். திருடக் கூடாது, திருடினால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டி வரலாம், மனைவிக்கு மறுபடி முடியாமல் போனால் என்ன செய்வார், உட்கார்ந்து பேசி வேறு வழி பார்க்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். ஒழுக்கச் சிந்தனை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் கோல்பெர்க்கின் அளவுகோலில் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் குறைவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு நாள் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் முழு மதிப்பெண் போடுவார்கள். நீண்ட நாள் நோயில் பிள்ளைக்குப் பணம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஆளும் வேண்டும்.

காகிதத்தில் சொல்லும் பொய்

இதில் இரண்டு ரகம். ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒன்று, காப்பீட்டுப் படிவத்தில் ஏற்கனவே இருக்கும் நோயை மறைப்பது. கம்பெனிதானே, பெரிய முதலைதானே என்று மனசு சமாதானம் சொல்லும். தார்மீகத்தை ஓரமாக வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது மோசமான பேரம். காப்பீடு நிற்பதே உள்ளதைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையின் மேல்தான். மறைத்தது தெரிந்தால் கிளெயிமைத் தள்ளுவார்கள், பாலிசியையே ரத்து செய்யவும் முடியும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பொய்யின் விலையைக் கட்டப்போவது அதே பிள்ளை, அதுவும் சிகிச்சையின் நடுவில்.

இன்னொன்று, உதவித் திட்டத்தின் வரம்புக்குள் நுழைய வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது. அமெரிக்காவில் இதற்காகக் காகிதத்தில் மட்டும் விவாகரத்து வாங்கும் தம்பதிகள்கூட உண்டு, அதற்கு 'மெடிக்கல் டிவோர்ஸ்' என்றே பேர். பிள்ளைக்காகத் தாலிகட்டைப் பேப்பரில் அவிழ்க்கும் அந்த இருவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சேர்ந்து முடிவெடுத்தார்கள், இழப்பும் அவர்களோடு நிற்கிறது. வரம்பு எல்லோருக்கும் பொதுவாக வகுக்கப்பட்டு இடமும் தாராளமாக இருந்தால் பொய்யான வருமானச் சான்று வைப்பவரையும்கூட விட்டுவிடுவேன். இடம் பத்துதான், வரிசையில் நூறு பேர் என்றால் கதையே வேறு. அங்கே பதினோராவது ஆளும் ஒரு பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

படம்

இணையத்தில் பணம் திரட்டுவதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. சட்டப்படி சரி, கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார், வேண்டாம் என்றால் தள்ளிவிட்டுப் போகலாம். என் கேள்விப்படி பார்த்தால் திருட்டோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சுத்தமான வழி. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு பக்கத்தை நானே எழுதிக் கொடுக்கும் வரை.

தெரிந்தவர் ஒருவரின் பையன், ஆறு வயது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பணம் போதவில்லை. "நீங்க எழுதறவர்தானே, நாலு வரி நல்லா எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதினேன். பிறகு படம் கேட்டேன். பதினைந்து படங்கள் அனுப்பினார். பதினாலில் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை, மூக்கில் டியூப், கன்னத்தில் பிளாஸ்திரி, அத்தனைக்கும் நடுவில் ஓட்டைப் பல் சிரிப்பு. மீதி ஒன்றில் அப்போதுதான் தூங்கி எழுந்திருக்கிறான். கண் கலங்கிய மாதிரி இருக்கிறது. மடியில் ஒரு சிவப்புப் பொம்மைக் காரைப் பிடித்திருக்கிறான்.

நான் எடுத்தது அந்தப் படத்தைத்தான். காருக்கு மேலே வெட்டினேன். கார் இருந்தால் பரிதாபம் குறையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது.

அதை வைத்தே திருட்டையும் இதையும் மறுபடி எடைபோட வேண்டி வந்தது. கல்லாவில் எடுத்த பணத்தைத் திருப்பி வைக்கவாவது ஒரு வழி உண்டு. படத்தைத் திருப்பி எடுக்க முடியாது. கொடுத்தவர்களைக் கேட்டுத்தான் வாங்கினோம். யாருடைய முகத்தைக் காட்டி வாங்கினோமோ அவனைக் கேட்கவில்லை. கேட்டாலும் ஆறு வயதில் என்ன தெரியும் என்பீர்கள். ஊசி போடும்போதுகூட நர்ஸ் அவனிடம் "எந்தக் கை?" என்று கேட்டுத்தான் போட்டார்.

பலனாவது நிச்சயமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை கோஃபண்ட்மீ தளத்தில் நடந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நிதி திரட்டல்களை ஆராய்ந்தபோது, இலக்கை எட்டியவை சுமார் 12 சதவீதம்தான். சுமார் 16 சதவீதத்துக்கு ஒரு பைசாகூட வரவில்லை. அந்த வீடுகளிலும் யாராவது படத்தை வெட்டியிருப்பார்கள். எங்களுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

சிறுநீரகம்

'என் உடம்பு, என் இஷ்டம்' என்பதால் ஒழுக்கக் கணக்கில் இதுதான் சுத்தமானது என்று வாதிடுபவர்கள் உண்டு. பெற்றவர் தன்னையே கொடுக்கிறார், வேறு யார் தலையிலும் விழவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஈரானைத் தவிர எந்த நாட்டிலும் இது சட்டப்படியான வியாபாரம் இல்லை என்பதை விடுங்கள். விற்றவர்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்துக் கேட்ட ஆய்வு ஒன்று 2002இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் நாலில் மூன்று பேருக்குச் சுமார் ஆறு வருடம் கழித்தும் கடன் இருந்தது. 79 சதவீதம் பேர், வேறு யாரையும் விற்கச் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

இங்கேயும் அந்தப் பதினோரு வயதுப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள். பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய உடம்பையே விற்றுவிட்டால் அடுத்த முறை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது?

யாரும் பெயர் வைக்காத வழி

அந்தப் பையனுக்கு மீதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லையே. அவனுக்கு ஒரு அக்கா. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அவள் கல்லூரிக்கென்று பத்து வருடமாகச் சேர்த்த வைப்புத்தொகையை உடைத்தார்கள். "பாப்பா, தம்பிக்காக..." என்று அப்பா ஆரம்பித்ததும் "எடுத்துக்கோங்கப்பா" என்றுவிட்டாளாம். கேட்டதாகவும் ஆயிற்று, சம்மதம் வாங்கியதாகவும் ஆயிற்று. ஆனால் அவளால் "மாட்டேன்" என்று சொல்லியிருக்க முடியுமா?

இந்த வரிசையிலேயே எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். திருட்டுக்குப் போலீஸ் இருக்கிறது, பொய்க் கிளெயிமுக்குக் கம்பெனி இருக்கிறது, படத்துக்குக்கூட இப்போது கேள்வி கேட்க ஆள் இருக்கிறார்கள். அக்காவின் கணக்கைக் கேட்க ஒருவரும் இல்லை. அவளே கேட்டால் சுயநலக்காரி ஆகிவிடுவாள். எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனால் அதைத் தியாகம் என்று பேர் வைத்து மூடாமல் கடன் என்று எழுதி வைத்திருப்பேன். தொகையும் தேதியும் போட்டு, என் கையெழுத்தோடு.

வெளிச்சத்தில் விதியை வளைப்பது

ஜான் கிரௌலி என்ற அமெரிக்கரின் இரண்டு குழந்தைகளுக்கு 1998இல் பாம்பே நோய் என்று தெரிந்தது (ஊர் அல்ல, பாம்பே என்ற டச்சு மருத்துவரின் பெயர்; தசைகளைப் பலவீனமாக்கும் அரிய பரம்பரை நோய்). அவர் பெரிய மருந்துக் கம்பெனி வேலையை விட்டு, அந்த நோய்க்கு மருந்து தேடிய நோவாசைம் என்ற சின்னக் கம்பெனிக்கு 2000இல் தலைமை ஏற்றார். மறு வருடம் ஜென்சைம் என்ற பெரிய மருந்துக் கம்பெனி அதை வாங்கியது, இவரும் கூடவே போனார். மருந்தை உருவாக்கும் இடத்தில் அதிகாரியாக உட்கார்ந்துகொண்டு சொந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கேட்டால் அது சுயநல முரண். கடைசியில் வேலையை விட்டார். 2003 ஜனவரியில் குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்கியது.

இதைப் பாராட்டுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் இழுபறிதான். தலைமை நாற்காலியில் உட்காரும் வாய்ப்பு எத்தனை அப்பாக்களுக்குக் கிடைக்கும்? ஆனாலும் அவருக்கு என்ன வேண்டும் என்பது சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுக்க வேண்டியவர்களால் மறுக்க முடிந்தது. பொய்ச் சான்றிதழையும் அலுவலகக் கல்லாவையும்விட இது எனக்கு மேலாகப் படுவதற்குக் காரணம் அதுதான். வலியில் ஒன்றும் அவர் கூடுதல் இல்லை.

என்னிடம் வந்து கேட்டால், கூசினாலும் வெளியே சொல்லிக் கேட்கிற வழியைத்தான் முதலில் சொல்வேன்: முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி முன்பணம், மருத்துவமனையிடம் நேராகத் தள்ளுபடி, தவணை. இணையத்தில் பக்கம் தொடங்கினால் சிரிக்கிற படம். அதனால் பணம் குறையுமா என்றால், குறையலாம்.

அந்தப் பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. நன்றாக இருக்கிறான். போன மாதம் அவன் அப்பா போன் செய்தார். வகுப்பில் யாரோ பழைய படத்தைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்களாம். பக்கத்தைத் தூக்க முடியுமா என்று கேட்டார். தளத்துக்கு எழுதினேன், இரண்டு நாளில் தூக்கிவிட்டார்கள். போன் போனாகப் போய்ச் சேர்ந்த பிரதிகளை என்ன செய்வது?

"ரொம்ப வருத்தப்படறானா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சார். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அந்த போட்டோல என் கையில ரெட் கார் இருந்துச்சேப்பா, அது எங்கேன்னு."