தலப்பாக்கட்டி பிரியாணி: ஊரு வச்ச பேரு, நான் சாப்பிட்ட பிளேட்டு

திண்டுக்கல் பக்கம் ஒரு வேலையா போயிருந்தேன், அவ்ளோ தூரம் போயிட்டு பிரியாணி சாப்பிடாம பஸ் ஏறுனா வீட்ல சேக்க மாட்டாங்க, அதனால நேரா தலப்பாக்கட்டிதான். சாப்பாட்ட பத்தி அப்புறம் சொல்றேன், முதல்ல அந்த பேரு.

1957ல நாகசாமி நாயுடு கடைய ஆரம்பிச்சப்ப அதுக்கு பேரு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அந்த காலத்துல விலாஸ், பவன்னு முடியாத ஹோட்டல கண்டுபிடிக்கிறதே கஷ்டம், அதுல இது எந்த ஆனந்த விலாஸ்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனா மனுசன் எப்பவும் தலையில தலப்பா கட்டியிருப்பாராம், சாப்பிட வந்தவங்க கண்ணுல அதுதான் பட்டுருக்கு, தலப்பாக்கட்டு நாயுடு கடைன்னே சொல்லி சொல்லி ஆனந்த விலாஸ் ஓரமா போயிருச்சு. நம்ம ஊர்ல பட்டப்பேர யாரும் உங்கள கேட்டுட்டு வைக்கிறதில்ல, வச்சா பாதி பேருக்கு மூஞ்சி தூக்கிக்கும். இந்த குடும்பம் அதையே போர்டுல ஏத்துனாங்க பாருங்க, அங்கதான் நிக்கிறாங்க. ஈரோட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு, குப்புசாமின்னு ஒருத்தர் 1960ல ஆரம்பிச்ச மெஸ், அவர குப்பண்ணான்னு கூப்பிட்டதுதான் இன்னைக்கு ஜூனியர் குப்பண்ணான்னு நிக்குது.

ஒரே சிக்கல், தலப்பாவ யாரு வேணா கட்டலாம்ல. எழுத்த லேசா மாத்தி போர்டு வச்ச கடைங்க எத்தனையோ, இந்த பேருக்காக மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் வழக்கு போச்சு. ஹைவே ஓரமா ஒரு கடை, பேரெல்லாம் வேணாம், வாசல்ல மீசையும் தலப்பாவுமா பெரிய படம், உள்ள போனா நீள நீளமா பாஸ்மதி சோறு, மேல கலர் பொடி. தலப்பாவுக்கே அவமானம்.

சரி சாப்பாடு. மட்டன் பிரியாணி சொன்னேன். சீரக சம்பா அரிசி, பேருக்கேத்த மாதிரி சீரகம் சைஸ்ல குட்டி குட்டியா இருக்கும், பாஸ்மதி மாதிரி மசாலா ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம்னு நிக்காது, ஒவ்வொரு பருக்கையும் கறிச்சாற உள்ள இழுத்து வச்சிருக்கும். ஹைதராபாத் பிரியாணி மாதிரி வெள்ளச்சோறு தனி கலர்சோறு தனின்னு தேடாதீங்க, இது மொத்தமா ஒரே பழுப்பு நிறம்தான், பாக்க சாதாரணமாத்தான் இருக்கும். கறிய சின்ன துண்டா போட்டுருந்தாங்க, எலும்போட ஒட்டுன துண்ட விரல்ல தள்ளுனா கழண்டு வந்துச்சு. காரம் மிளகாய்த்தூள் காரம் இல்ல, மிளகு, தொண்டைக்கு கீழ போனப்புறம்தான் தெரியும். ஆம்பூர் பிரியாணி ரசிகர்களுக்கு இது பிடிக்குமான்னு சண்டையெல்லாம் நான் போடல, எனக்கு இதுதான்.

தால்சாவ மேல அப்படியே கொட்டிக்காதீங்க, ரெண்டு வாய் வெறும் சோறா சாப்பிட்டு பாத்துட்டு அப்புறம் தொட்டுக்கோங்க. மட்டன் சுக்காவும் சொன்னேன், மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு சுருள வதக்குனது, பிரியாணி தீந்தப்புறமும் அத வச்சு கொஞ்ச நேரம் ஓட்டலாம். கோலா உருண்ட பக்கத்து டேபிள்ல பாத்தேன், வயித்துல இடமில்ல.

இப்ப சென்னை, வெளிநாடுன்னு கிளை இருக்கு, அங்கயும் சாப்பிடலாம் தப்பில்ல, ஆனா திண்டுக்கல் வழியா மதுரையோ பழனியோ போறவங்க ஊருக்குள்ள வண்டிய திருப்புங்க. ஞாயித்துக்கெழம மதியம் மட்டும் வேணாம், வாரநாள்ல கொஞ்சம் முன்னாடியே போயிட்டா நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம். பைபாஸ்ல தலப்பா படத்த பாத்துட்டு அவசரப்பட்டு பிரேக் போட்றாதீங்க.