டிஃபெண்டர் பிராசஸரைத் தின்றால்: அணைப்பதா, அடக்குவதா, விலக்குவதா?

சேலத்தில் அம்மாபேட்டை, இளம்பிள்ளைப் பக்கம் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "புட்டா வரைஞ்சிட்டு இருக்கும்போதே மவுஸ் நின்னுடுதுண்ணா." டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பட்டியலின் உச்சியில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள். விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர்தான் அது. இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

எதைச் செய்வதற்கு முன்னாலும், சுமை எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். ஃபைலைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் ஏறினால் அது நேரடிக் காவல் (ரியல்-டைம் புரொடெக்ஷன்), ஃபைலைத் தொட்டவுடனே சோதிப்பது. யாரும் எதுவும் செய்யாமலே வெகுநேரம் ஓடினால் அது அட்டவணை ஸ்கேன் (ஷெட்யூல்டு ஸ்கேன்), குறித்த நேரத்தில் தானாகவே ஓடும் சோதனை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது.

பலரும் முதலில் கை வைப்பது அணைப்பதில். செட்டிங்ஸில் நேரடிக் காவலை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்ப வந்துவிடும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி நிரந்தரமாக முடக்கும் பழைய வித்தையை, சாதாரண கணினிகளில் 2020 ஆகஸ்ட் முதல் டிஃபெண்டர் கண்டுகொள்வதே இல்லை. அப்படியே முடிந்தாலும், நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் பென்டிரைவ் ஏறி இறங்கும் கடையில் இது வேண்டாத வேலை.

வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் வந்தவரும் அதே ஃபைல்களைத்தான் சோதிப்பார். இலவசப் பதிப்பென்றால் "காசு கட்டு" என்ற அறிவிப்பும் கூடவே வரும். சுமை குறைய இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அட்டவணை ஸ்கேன்தான் சிக்கல் என்றால் இரண்டு வழி. ஒன்று, ஸ்கேன் எவ்வளவு பிராசஸரை எடுக்கலாம் என்ற வரம்பு. வழக்கமாக 50 சதவீதம் என்று இருக்கும். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல்லில் ஒரே வரியில் 20 ஆக்கலாம், ஹோம் பதிப்பிலும் நடக்கும். ஆனால் அது சராசரிக்கான வழிகாட்டல்தான், நடுவில் எகிறத்தான் செய்யும். ஸ்கேன் முடியவும் கூடுதல் நேரமாகும். நேரடிக் காவலை இந்த எண் தொடாது. நாமே பட்டனை அமுக்கி ஓட விடும் ஸ்கேனையும் பொதுவாகத் தொடாது.

இரண்டாவது, நேரத்தை மாற்றுவது. என் ஓட்டு இதற்குத்தான். இந்த ஸ்கேனும் அடங்கிய விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு வழக்கமாக இரவு 2 மணிக்கு வைக்கப்பட்டிருக்கும். நம்மூர்க் கடைகளில் ஷட்டரை இறக்கும்போதே மெயின் சுவிட்சும் அணைந்துவிடுகிறது. தவறிய வேலை, மறுநாள் கணினி சும்மா கிடக்கும் நேரம் பார்த்துக் கிளம்பும். நீங்கள் வாடிக்கையாளரோடு ஜரிகை விலை பேசும் நேரமாகவும் அது இருக்கலாம். டாஸ்க் ஷெட்யூலரில் விண்டோஸ் டிஃபெண்டர் பிரிவுக்குள் போய், அட்டவணை ஸ்கேனுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கொடுங்கள். ஏற்காட்டில் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் லேப்டாப் என்றால், மின்சாரம் இருந்தால் மட்டும் ஓடு என்ற நிபந்தனையையும் டிக் செய்யுங்கள். மழைக்காற்றில் கரண்ட் போகும் நாளில் பேட்டரி மிச்சமாகும்.

நேரடிக் காவலே பாரமாக இருந்தால், இதையெல்லாம் சோதிக்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் விலக்குப் பட்டியல்தான் வழி. பலன் அதிகம், ஆபத்தும் அதிகம். டிசைன் ஃபோல்டர், டாலி டேட்டா ஃபோல்டர் போல குறிப்பாக ஒன்றிரண்டை மட்டும் விலக்குங்கள். முழு டி டிரைவையோ டவுன்லோட்ஸையோ சேர்க்க வேண்டாம். பென்டிரைவிலிருந்து நகலெடுப்பதை வேறு ஃபோல்டரில் இறக்கி, ஸ்கேன் ஆனபிறகு உள்ளே நகர்த்துங்கள். மென்பொருளையே விலக்குவதானால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு முகவரியோடு கொடுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால், அதே பெயரில் எங்கிருந்து ஓடும் புரோகிராமுக்கும் சலுகை கிடைத்துவிடும். அப்புறம், டிஃபெண்டரின் சொந்த ஃபைலையே விலக்கில் சேர்க்கச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றுகிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எந்த ஃபைல் நேரத்தைத் தின்கிறது என்று ஊகிக்கவும் தேவையில்லை. பவர்ஷெல்லிலேயே டிஃபெண்டருக்கான செயல்திறன் பதிவுக் கருவி இருக்கிறது. பதிவை ஓட விட்டு வழக்கமான வேலையைச் செய்தால், அதிக நேரம் எடுத்த ஃபைல்களை வரிசையாகக் காட்டும். விலக்க வேண்டியதை அதிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொன்று. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பாதிகூட ஏறாமல் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. அது பழைய ஹார்ட் டிஸ்க்கின் மூச்சிரைப்பு. அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி மாட்டிவிட்டு, அதற்குப் பிறகும் பிராசஸர் ஏறுகிறதா என்று பாருங்கள்.