ஏசி போய் ஏர் கூலர் வந்தது: மூன்று கோடை அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்களுடையது மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடி, பக்கத்தில் மொட்டைப் பாறை மலை. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரி பத்து மணிக்கும் அனலை விடும். 2023 சித்திரையில் பழைய ஒன்றரை டன் ஏசிக்கு கம்ப்ரஸர் போய்விட்டது. மாற்ற 16,000 ரூபாய் கேட்டார்கள். பழைய பெட்டிக்கு அவ்வளவு கொட்ட மனசு வரவில்லை. 9,500 ரூபாய்க்கு 55 லிட்டர் ஏர் கூலர் வாங்கினோம்.

முதல் வாரம் வெறுத்துப் போனேன். ஏசி பழக்கத்தில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஓட்டியதில் அரை மணி நேரத்தில் தலையணை பிசுபிசுத்தது. அத்தைதான் எழுந்து உட்கார்ந்து, "ஜன்னலைத் தொறம்மா, புழுங்கிச் சாவுது" என்றார். திறந்த பத்தாவது நிமிஷம் வேர்வை அடங்கியது. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. அந்த ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். இப்போது கூலரின் முதுகு ஒரு ஜன்னலை ஒட்டி இருக்கும், எதிர் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கும்.

நம்ம ஊர் வெயில் வறண்ட வெயில், அதுதான் இதற்குத் தோது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் மத்தியானம்தான் கூலர் நன்றாக வேலை செய்கிறது. கடற்காற்று அடிக்கும் சென்னையில், தங்கை வீட்டில், இதே கூலர் வெறும் ஃபேன். ஆவணியில் மழை பெய்த ராத்திரிகளில் எங்களுக்கும் அப்படித்தான், கூலருக்குள் தண்ணீர் ஏற்றும் பம்பை நிறுத்திவிடுவோம். ஏசி தரும் சில்லிப்பு வராது, சத்தமும் உண்டு.

கரண்ட் பில்லில் நிம்மதி. ஏசி 1,500 வாட் இழுத்தது, இது 190. கோடையில் இரண்டு மாதக் கணக்கு 620 யூனிட்டிலிருந்து 340-க்கு இறங்கியது. 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும் என்பதால் இது பெரிய வித்தியாசம்.

தொல்லை தண்ணீரில்தான். ஒரு ராத்திரிக்கு 30 லிட்டர் குடிக்கும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி, இரண்டாம் வருஷம் ஹனிகோம்ப் பேடின் (கூலருக்குள் தண்ணீரில் நனையும் தேன்கூடு மாதிரி அட்டை) ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தேன், அட்டை கிழிந்துவிட்டது. தேய்க்காதீர்கள். புளித்தண்ணீரில் ஊறவைத்து அலசினாலே பாதி போய்விடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதைப் பாதி கலக்கிறேன். ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பினால் தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அடைப்பானைத் திறந்து, துடைத்து, காயவைத்துத்தான் நிரப்புகிறோம்.

போன வைகாசியில் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து ராத்திரி முழுக்க இருட்டு. எங்கள் இன்வெர்ட்டரில் ஏசி ஓடாது, கூலர் ஓடும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டும் பாயோடு வந்து எங்கள் ஹாலில் படுத்தன. விடியற்காலை நாலு மணிவரை பேட்டரி தாங்கியது.