வாங்கிய வீடு கசந்தால்: விற்பதா, வாடகைக்கு விடுவதா, இருந்தே சமாளிப்பதா?

எங்கள் முதல் வீடு சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியில். இரண்டாவது மாடி, 585 சதுர அடி. 44 லட்சத்துக்கு மறுவிற்பனையில் வாங்கினோம், அதில் 35 லட்சம் வங்கிக் கடன். பால் காய்ச்சி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவசரப்பட்டுவிட்டோமோ என்ற எண்ணம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி தூக்கம் வராமல் போனில் வீட்டு விளம்பரங்களைப் பார்ப்பேன். இதே விலைக்கு இன்னும் நூறு சதுர அடி கிடைத்திருக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும். வாங்கி முடித்தபின் விளம்பரம் பார்ப்பது புண்ணைச் சொறிவது மாதிரி. இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு நோட்டில், எரிச்சல் வந்த நேரத்தையெல்லாம் ஒரு மாதம் குறித்துவைத்தேன். மொத்தம் 23 குறிப்புகள். 14 ரயில் பயணம் பற்றியவை. ஆறு சமையலறை. வீடு சிறியது என்று நான் நொந்துகொண்டது மூன்றே தடவை. எங்கே கடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

முதலில் தோன்றுவது விற்றுவிடுவதுதான். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்களுக்கு அதுவே 3.96 லட்சம். வாங்கும்போது புரோக்கருக்கு ஒரு சதவீதம் கொடுத்தோம், விற்கும்போது இன்னொரு சதவீதம் போகும். ஆக, வாங்கிய அதே 44 லட்சத்துக்கு விற்றாலும் 4.84 லட்சம் கையைவிட்டுப் போகும். வாங்க வருகிறவருக்கும் அதே 9 சதவீதச் சுமை உண்டு, அதனால் அவர் அடித்துத்தான் பேசுவார்.

கடன் கணக்கு இன்னும் வலிக்கும். 35 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 30,370 ரூபாய். முதல் மாதம் அதில் 24,790 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஒரு வருஷத்தில் 3.64 லட்சம் கட்டியும் அசலில் குறைவது 70,000 ரூபாய்க்கும் கீழேதான். பழைய வரிமுறையில் கடன் அசலுக்கு வருமான வரிக் கழிவு எடுத்தவர்கள், வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் விற்றால், எடுத்த கழிவெல்லாம் விற்ற வருஷத்தின் வருமானத்தில் சேர்ந்துவிடும்.

இத்தனைக்கும் மீறி விற்கத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. தாய்ப் பத்திரத்திலோ வில்லங்கச் சான்றிலோ சிக்கல் தெரியவந்தால், தூண், பீம்களில் விரிசல் விட்டால், ஒவ்வொரு மழைக்கும் கீழ்த்தளம் முட்டளவு தண்ணீரில் நின்றால் யோசிக்கவே வேண்டாம். அவையெல்லாம் காலம் போகப் போகக் கூடும். மனக்கசப்பு அப்படியல்ல.

இரண்டாவது வழி, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நமக்குத் தோதான இடத்துக்கு நாமும் வாடகைக்குப் போவது. சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் இருப்பதா என்று என் மாமனார் முகம் சுளித்தார். என் பார்வையில் மூன்றில் அதிகம் பேர் எண்ணிப் பார்க்காமலே ஒதுக்கும் நல்ல வழி இதுதான். எங்கள் குடியிருப்பில் இதே அளவு வீடு 11,000-க்குப் போகிறது. என் ஆபீஸ் இருக்கும் கிண்டிக்குப் பக்கத்தில், ஆதம்பாக்கத்தில் நாங்கள் பார்த்த வீடு 19,000. வித்தியாசம் மாதம் 8,000. இந்த வீட்டை விற்று அதே விலையில் இன்னொன்று வாங்கினால், புரோக்கருக்கு இரண்டு தடவை, தீர்வை, பதிவு என்று மறுபடியும் 4.84 லட்சம் போகும். அதை இந்த வித்தியாசத்தால் வகுத்தால் ஐந்து வருஷம் வருகிறது. அதாவது, வீடு மாற்றி இழக்கும் பணத்தில் ஐந்து வருஷம் ஆபீஸ் பக்கத்திலேயே குடியிருந்துவிடலாம், வீடும் கையில் நிற்கும்.

வரியிலும் சின்ன ஆறுதல் உண்டு. நாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய வரிமுறையில் கழிவு கிடையாது. வாடகைக்கு விட்டால், வாடகையில் 30 சதவீதக் கழிவு போக மீதிக்கு எதிராக வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தை எழுதி, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

எங்களுக்கு இதில் ஒரு முடிச்சு இருந்தது. என் கணவருக்கு வேலை மறைமலை நகரில். நான் கிண்டிக்குப் பக்கத்தில் போனால் அவருக்குத் தூரம் கூடும். "கூட்டம் காலையில கிண்டிப் பக்கம்தான் போகுது. நான் எதிர்ப்பக்கம் போறவன், உட்கார்ந்தே போயிடுவேன். நீதான் தினமும் நின்னுட்டுப் போற" என்றார். ஒரு வருஷமாக நான் ரயிலில் நிற்பதை அவர் கவனித்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது, இருந்தே சரிசெய்வது. எங்கள் சமையலறை மேடையில் அடுப்பும் மிக்ஸியும் வைத்தால் இடம் தீர்ந்தது. கிரைண்டர் ஹாலில் டி.வி.க்குக் கீழே. அத்தை மாவு அரைத்து முடித்ததும் ஈரத்துணியோடு முட்டிபோட்டுத் தரையைத் துடைப்பார், குழந்தை மாவிலேயே கால் வைத்து ஓடும். பொறியாளரைக் கூட்டிவந்து காட்டினோம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், பாரம் தாங்காதது. இடுப்புயரத்துக்கு மேல் எடுத்துவிட்டு கிரானைட் பலகை போடலாம் என்றார். மொத்தம் 38,000 ரூபாய். சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்கினோம். பொறியாளர் பார்க்காமல் யாரும் சுவரில் கை வைக்காதீர்கள், அது மேல்மாடிக்காரர் உயிரும் சம்பந்தப்பட்டது.

கடன்தான் உறுத்துகிறது என்றால் வீட்டை மாற்றுவதில் பயனில்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் கிடையாது. எங்கள் கணக்கில் முதல் வருஷ முடிவில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் 15 மாதத் தவணைக்கு மேல் குறைகிறது.

சமையலறை வேலையை முடித்துவிட்டோம். குழந்தை இன்னும் பள்ளியில் சேரவில்லை, அதனால் வரும் ஜூனில் ஆதம்பாக்கம் போவதாக முடிவு. மேடை அகலமானதைப் பார்த்து, எதிர்வீட்டு அக்கா தன் தம்பிக்கு இந்த வீட்டை 12,000-க்கு இப்போதே கேட்டுவைத்திருக்கிறார். கிரைண்டர் இப்போது கிரானைட் பலகையின் மேல் நிற்கிறது. அத்தை நின்றபடியே மாவு வழிக்கிறார்.